அமெரிக்க மதுவிலக்கு எழுந்ததும் நீங்கியதும்: கேள்வி பதில்

வரலாற்று மாணவி: ஐயா, ஒரு நாடு முழுவதற்குமான மதுவிலக்கு அமெரிக்காவில் எவ்வாறு சாத்தியமாயிற்று?

பதில்: எழுபது ஆண்டு உழைப்பின் பயன் அது. 1851-இல் மெய்ன் மாநிலம் மதுவிலக்குச் சட்டம் இயற்றியது. 1874-இல் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் உருவாயிற்று. வாரக் கூலியை மதுக்கடையில் தொலைத்துவிட்டு வரும் கணவனிடமிருந்து மனைவியைக் காக்கச் சட்டம் முன்வராத, அவளுக்கு வாக்குரிமையும் இல்லாத காலத்தில் போராடிய அந்தப் பெண்களை மதப்பித்தர்கள் என்று ஒதுக்குவது அநீதி என்றே நான் கருதுகிறேன். 1893-இல் ஒஹாயோவில் சலூன் எதிர்ப்புக் கழகம் பிறந்தது (நமக்குச் சலூன் என்றால் முடிதிருத்தகம்; அங்கே அது மதுக்கடை). கழகத்தின் மூளையாக விளங்கிய வெய்ன் வீலர், வேட்பாளர் எந்தக் கட்சி என்று பாராமல், மதுவிலக்குக்கு வாக்களிப்பாரா என்பதை மட்டுமே பார்த்தார்.

ஆயினும் பணத்தடை ஒன்று இருந்தது. கூட்டாட்சி அரசின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மதுவின் மீதான கலால் வரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1913-இல் அரசமைப்பின் பதினாறாவது திருத்தம் வருமான வரிக்கு வழி திறந்த பிறகே அந்தத் தடை நீங்கியது. அடுத்து வந்த முதல் உலகப் போரில் ஜெர்மானிய வம்சாவளியினரான பீர் ஆலை முதலாளிகள் மீது வெறுப்பு மூண்டது. தானியத்தைச் சாராயமாக்குவது நாட்டுக்குத் துரோகம் என்ற பேச்சும் எழுந்தது.

பணி நிறைவு பெற்ற கலால் அலுவலர்: குடிப்பதே குற்றமாக இருந்ததா?

பதில்: இல்லை. 1919 ஜனவரி 16 அன்று ஏற்பு பெற்று, ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்த பதினெட்டாவது திருத்தம், மதுவைத் தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதையும் மட்டுமே தடுத்தது. 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானம் மது என்று, திருத்தத்தை நடைமுறைப்படுத்த வந்த வோல்ஸ்டெட் சட்டம் வரையறுத்தது. தேவாலய வழிபாட்டுக்குத் திராட்சை மதுவும், மருத்துவர் சீட்டுக்கு விஸ்கியும் கிடைத்தன. வசதி படைத்தோர் முன்கூட்டியே நிலவறையை நிரப்பிக்கொண்டனர்.

மருந்தாளுநர் ஒருவர்: அரசே சாராயத்தில் நஞ்சு கலந்தது உண்மையா?

பதில்: உண்மை, ஆனால் முழுமையாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளுக்கான ஆல்கஹாலுக்கு வரி கிடையாது. அதை எவரும் குடித்துவிடாதபடி மெத்தனால் போன்ற நஞ்சுகளைக் கலக்கும் வழக்கம் மதுவிலக்குக்கு முன்பே இருந்தது. கடத்தல்காரர்கள் அதைத் திருடி, வேதியியலாளர்களைக் கொண்டு காய்ச்சி வடித்து விற்கத் தொடங்கியதும், அரசு 1926 இறுதியில் நஞ்சின் அளவைக் கூட்டியது. மக்கள் குடிக்கிறார்கள் என்று தெரிந்தே கூட்டியது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. நியூயார்க் நகரத் தலைமைப் பிணக்கூறாய்வு மருத்துவர் சார்லஸ் நாரிஸ், நல்ல சரக்கு வாங்க வழியற்ற ஏழைகளே மடிகிறார்கள் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். 1930-இல் மதுவுக்கு மாற்றாகக் கலப்பட ஜமைக்கா இஞ்சிச் சாறு என்ற ஆல்கஹால் மிகுந்த மருந்தைக் குடித்த ஆயிரக்கணக்கானோரின் கால்கள் செயலிழந்தன.

ஆசிரியர் ஒருவர்: மதுக் கடத்தல் கும்பல் தலைவர் அல் கபோன்தான் மதுவிலக்கை வீழ்த்தினாரா?

பதில்: கும்பல் வன்முறை மக்களைச் சலிப்படையச் செய்தது, 1931-இல் அவருக்குத் தண்டனை பெற்றுத் தந்தது வருமான வரி ஏய்ப்பு வழக்கு. வீழ்ச்சியில் நான் பெரிதாக மதிப்பது பாலின் சேபினின் பங்கை. தம் மகன்களின் நலன் கருதி முதலில் மதுவிலக்கை ஆதரித்தவர், சட்டத்தை மதியாமலே ஒரு தலைமுறை வளர்வதைக் கண்டு மனம் மாறி, 1929-இல் அதன் நீக்கத்துக்காகப் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். பெண்கள் அனைவரும் மதுவிலக்கின் பக்கம் என்ற நம்பிக்கை அத்துடன் உடைந்தது.

அதே ஆண்டு தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் வருமான வரி வசூல் சரிந்தபோது, கைவிட்ட கலால் வரி மீண்டும் தேவைப்பட்டது. 1932 அதிபர் தேர்தலில், மதுவிலக்கை நீக்குவதாக உறுதியளித்த ரூஸ்வெல்ட் வென்றார். 1933 ஏப்ரல் 7 முதல் 3.2 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பீர் விற்கப்பட்டது. சட்டமன்றங்களைத் தவிர்த்து, மாநிலந்தோறும் தனி மாநாடுகள் கூட்டியே, மதுவிலக்கை நீக்கும் இருபத்தொன்றாவது திருத்தத்துக்கு ஏற்பு பெறப்பட்டது. டிசம்பர் 5 அன்று யூட்டா, தேவைப்பட்ட 36-ஆவது மாநிலமாக இசைவளிக்க, மதுவிலக்கு நீங்கியது.

இல்லத்தரசி ஒருவர்: அப்படியானால் அதனால் நன்மையே இல்லையா?

பதில்: இருந்தது, அம்மா. முதல் சில ஆண்டுகளில் குடி வெகுவாகக் குறைந்தது. அந்தக் காலத்தில் கல்லீரல் நோய்ச் சாவுகளும் முன்பைவிடக் குறைவாகவே இருந்தன. நீக்கத்துக்குப் பிறகு முடிவு மாநிலங்களிடம் சென்றது. மிசிசிப்பி 1966 வரை மதுவிலக்கைக் கைவிடவில்லை. ஆனால் 1944 முதல் கள்ளச்சந்தை வரி என்ற பெயரில் அந்த மாநிலமே கள்ள மது விற்பனையிலும் வரி வசூலித்தது.