ஃபேஷன் டிசைனிங் சேர்க்கும் முன் தையல் கூடத்தைப் பாருங்கள்

அன்புள்ள அம்மா,

ப்ளஸ் டூ முடித்த மகள் சமுதாயக் கல்லூரியில் ஃபேஷன் டிசைனிங் சேர விரும்புகிறாள், "தையல் படிக்கவா இத்தனை செலவு?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். தையல் அதில் ஒரு பங்குதான். அளவெடுத்துத் தாளில் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான அச்சு வடிவம், வரைவது, துணியின் குணம் அறிவது, ஓர் உருப்படிக்கு எவ்வளவு துணி, எத்தனை மணி நேரம் என்று விலை போடுவது, இவைதான் பிழைக்க வைக்கும். படம் வரையத் தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம்.

பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த முறையில் ஆறு மாதம் சான்றிதழ், ஓராண்டு டிப்ளமோ, இரண்டாண்டு அட்வான்ஸ்டு டிப்ளமோ. ஆனால் எல்லாக் கல்லூரியும் இந்த முறையில் நடப்பதில்லை. சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்று கேளுங்கள். பிறகு பட்டப்படிப்பில் சேரலாம் என்றால், எங்கே, எந்த ஆண்டில் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் நேரே தையல் கூடத்துக்குப் போங்கள். முப்பது பேருக்கு ஆறு பவர் மெஷின் என்றால், மூன்று மணி நேர வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 36 நிமிடம். துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓடுகிறதா, நின்று வெட்டும் உயரத்தில் மேசை இருக்கிறதா என்று பாருங்கள். போன வருட மாணவிகளின் ரெக்கார்டு நோட்டைக் கேளுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே அளவு, ஒரே ரவிக்கை என்றால், கரும்பலகையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உடம்பை அளந்து வரையவில்லை.

முதல் பருவத்தில் பிள்ளைகள் தடுக்குவது பெரும்பாலும் துணியில்தான். காட்டன் ஐந்து சதவீதம் சுருங்கினால், 15 அங்குல ரவிக்கையில் முக்கால் அங்குலம் போய்விடும். அதனால் நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். துணியின் நெய்த ஓரக் கரைக்கு இணையாகப் பேட்டர்னை வைக்காவிட்டால், துவைத்ததும் சுடிதார் பேன்ட் கால் முறுக்கிக்கொள்ளும். பனியன் துணிக்குச் சாதாரண ஊசி போட்டால் கண்ணி அறுந்து பொத்தல் விழும், முனை மழுங்கிய ஊசி வேண்டும். 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரைச் சுங்குடியில், முடிச்சு போட்டுச் சாயமேற்றும் துணி என்பதால், இன்னும் கவனம் தேவை: முடிச்சு போட்ட இடம் சுருங்கி நிற்கும், அடர் நிறம் சாயம் விடக்கூடும். தனியாக நனைத்துப் பார்க்காமல் லைனிங்கோடு சேர்த்துத் தைக்கவே கூடாது.

வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். படித்து முடித்ததும் டிசைனர் பதவி கிடைக்காது. திருப்பூரில் மாதிரி உடை தைக்கும் சாம்பிள் பிரிவு, தரச் சோதனை, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளர் என்றுதான் தொடங்கும். மதுரையிலேயே இருக்க வேண்டுமென்றால் ஆரி எனும் கொக்கி ஊசி எம்பிராய்டரி வேலையோடு கல்யாண ரவிக்கை, ஜூனுக்கு முன் பள்ளிச் சீருடை. சீருடையில் லாபம் குறைவு, ஆனால் கை வேகம் கூடும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் கொடுங்கள். இரண்டு மீட்டர் காடா துணியும் பிரவுன் தாளும் வாங்கி, தன் அளவுக்கே ஒரு ரவிக்கை வரைந்து, வெட்டி, தைக்கட்டும். முதல் தடவை சரியாக வராது. தோள் நழுவினால் கழுத்து அகலம் கூடியிருக்கிறது என்று கண்டுபிடித்து, பிரித்து, தாளையும் திருத்தி மறுபடி உட்கார்ந்தால் டிப்ளமோவில் சேருங்கள். சலித்துக்கொண்டால் ஆறு மாதச் சான்றிதழே இப்போதைக்குப் போதும்.