மஞ்சள் சேர்த்த ஜின் ஏன் மஞ்சளாக இல்லை?

நீலகிரியில் தைலம் வடிக்கும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது கோவையில் வசிக்கிறேன். சிறு வடிசாலைகளின் ஜின்களை (வாசனைச் சரக்குகள் சேர்த்து வடிக்கும் மது) ஒப்பிட்டுச் சுவைப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஈரோட்டு மஞ்சள் வணிகர்: எங்கள் மஞ்சள் கையில் பட்டால் நாலு நாளைக்குப் போகாது. மஞ்சள் சேர்த்ததாகச் சொல்லும் ஹபூசா என்னும் இந்திய ஜின் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறதே, ஐயா?

சேர்த்துத்தான் வடிக்கிறார்கள். ஆனால் மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் ஆவியாகாது. அது கொப்பரையின் அடியிலேயே தங்கிவிட, ஆவியோடு ஏறி வருவது மஞ்சளின் வாசனை எண்ணெய் மட்டுமே. ஆகவே நிறத்தையோ கசப்பையோ தேடாமல், வேகவைத்த மஞ்சள் காயும் களத்தின் ஓரமாக நடக்கும்போது மூக்கில் ஏறுமே, அந்த மண் கலந்த மணத்தைத் தேடுங்கள். மிளகுக்கும் இதே கதைதான்: மணம் வரும், காரம் வராது. மிளகு ஜின்னைக் குடித்துவிட்டுத் தொண்டை எரிகிறது என்று சிலாகிப்பவர்கள் சாராயத்தின் எரிச்சலைத்தான் புகழ்கிறார்கள்.

திருப்பூர் வாசகர்: எல்லா ஜின்னிலும் ஜூனிபர் என்னும் ஊசியிலைச் செடியின் காயும், பெரும்பாலானவற்றில் மல்லியும் இருக்கும்போது சுவை எப்படி வேறுபடுகிறது?

ஜூனிபர் மணம் ஓங்கியிருந்தால்தான் அது ஜின். ஐரோப்பிய ஒன்றிய விதி அதையும், குறைந்தது 37.5 சதவீத ஆல்கஹாலையும் கேட்கிறது. வேறுபாடு பெரும்பாலும் மற்ற வாசனைச் சரக்குகளிலும் அவற்றின் அளவிலும் இருக்கிறது. மல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மல்லி நீள்வாக்கில் பெரிதாக இருக்கும். ஐரோப்பிய மல்லி சிறிதாக உருண்டிருந்தாலும் அதில் எண்ணெய் கூடுதல். நாம் குழம்புக்கு வறுத்தே பழகியதால் வறுத்த வாசம்தான் நினைவில் நிற்கிறது. பத்து மல்லியை வறுக்காமல் உள்ளங்கையில் வைத்து நசுக்கி முகருங்கள்: எலுமிச்சைத் தோலும் பூவும் கலந்தாற்போல ஒரு மணம் எழும். அது லினலூல் என்னும் பொருளின் வேலை. உடனே ஜின்னை முகர்ந்தால் அதே மணம் தனியாகப் பிரிந்து தெரியும்.

பொள்ளாச்சி வாசகி: ஏலக்காய் தூக்கலான ஒரு ஜின் ஊட்டித் தைலம் போல இருந்தது. கெட்டுவிட்டதா?

இல்லை, அம்மா. யூகலிப்டஸ் தைலத்தின் முதன்மைப் பொருளான சினியோல் ஏலக்காயிலும் நிறைய உண்டு. உங்கள் மூக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது.

கோபி வாசகர்: ஒப்பிடும்போது டானிக் (ஜின்னில் கலக்கும் கசப்புச் சோடா) கலக்கலாமா?

வேண்டாம். டானிக்கின் கசப்பு சின்கோனா மரப்பட்டையின் குயினைனிலிருந்து வருவது (வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது); அந்தக் கசப்பும் சர்க்கரையும் நுண்ணிய மணங்களை மூடிவிடும். வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில், ஐஸ் இல்லாமல், ஜின்னும் தண்ணீரும் சம அளவாக ஊற்றினால் 42.8 சதவீத ஜின் 21.4 சதவீதமாக இறங்கி, எரிச்சல் அடங்கி மணம் விரியும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் கூடாது. சிறுவாணித் தண்ணீர் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? மூன்று வகைக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம், நான்காவதில் மூக்கு சலித்துவிடும். முகர்ந்தே பெரும்பகுதியை அறியலாம் என்பதால் விழுங்கியே ஆக வேண்டியதில்லை.

கரூர் வாசகர்: வீட்டிலேயே செய்யலாமா?

வீட்டில் வடிப்பது சட்டப்படி குற்றம். கடையில் வாங்கிய வோட்காவில் சரக்குகளை ஊறவைத்து வடிகட்டலாம். ஆனால் அதில் நிறமும் கசப்பும் சேர்ந்தே இறங்கும். ஈரோட்டு நண்பர் எதிர்பார்த்த மஞ்சள் நிற ஜின் அப்போது கிடைக்கும்.