பழைய கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?

கேள்வி: 2013-ல் வாங்கிய டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பென்ஷன் விவரங்கள், நெட் பேங்கிங், பேரன் பேத்தி படங்கள் எல்லாம் அதில்தான். முன்பு காசு கொடுத்துப் போட்ட ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது. தம்பி மகன் வந்து இலவசமாக இன்னொன்று போட்டுக் கொடுத்தான். இப்போது ஆன் செய்தால் முழுதாகத் திறக்கப் பத்து நிமிடம் ஆகிறது. போதாததற்கு, வலது கீழ் மூலையில் '5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது' என்று வந்துகொண்டே இருக்கிறது. கடைக்காரர் 3 வருட 'டோட்டல் செக்யூரிட்டி' போடச் சொல்கிறார். எதை வாங்கலாம்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், விருதுநகர்

எதையும் வாங்க வேண்டாம் சார். இருக்கும் இரண்டையும்கூட எடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த மூலையில் வரும் எச்சரிக்கை. அது பெரும்பாலும் வைரஸே இல்லை, விளம்பரம். ஏதோ ஒரு தளத்துக்குப் போனபோது 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலௌ என்பதை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் உங்கள் திரையில் நினைத்தபோதெல்லாம் செய்தி காட்டுகிறது. அடுத்த முறை வரும்போது கூர்ந்து பாருங்கள்: பொடி எழுத்தில் கூகுள் க்ரோம் என்றும், கேள்விப்படாத ஒரு தள முகவரியும் இருக்கும். விண்டோஸின் உண்மையான எச்சரிக்கையில் விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பெயர் இருக்கும். க்ரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாததையெல்லாம் நீக்குங்கள். '5 வைரஸும்' அதோடு போய்விடும்.

அடுத்தது வேகம். ஆன்டிவைரஸ் சும்மா ஓரமாக உட்கார்ந்திருக்கும் மென்பொருள் அல்ல. நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போது, அது திறப்பதற்கு முன் குறுக்கே புகுந்து படித்துப் பார்க்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும் நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்கள் திறக்கின்றன. உங்கள் ஹார்டு டிஸ்க் பழைய வகை. சுழலும் தட்டில் முள் அங்கும் இங்கும் ஓடித்தான் ஒவ்வொன்றையும் எடுத்து வர வேண்டும். அதில் இரண்டு ஆன்டிவைரஸ் நின்றால் ஒன்று திறந்ததை இன்னொன்று சோதிக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் 100 சதவீதத்திலேயே நின்றால் காரணம் இதுதான்.

கண்ட்ரோல் பேனலில் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்து, ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆன்டிவைரஸ்கள் போனாலும் வாலை விட்டுவிட்டுப் போகும் ரகம். அதற்காகவே பெரும்பாலான நிறுவனங்கள் தனியாக ஒரு நீக்கும் கருவியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. அதையும் ஒருமுறை ஓடவிடுங்கள். இரண்டும் போனதும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். வெளி ஆன்டிவைரஸ் இருந்தால் அது ஒதுங்கி நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள்.

டிஃபெண்டர் போதுமா? உங்கள் வேலைக்குப் போதும். விண்டோஸ் 7 காலத்தில் அந்தப் பெயரில் இருந்தது ஸ்பைவேரை (உளவு பார்க்கும் மென்பொருளை) மட்டும் பார்க்கும் ஒரு சின்னக் கருவி. 'டிஃபெண்டரெல்லாம் ஒப்புக்குச் சப்பாணி' என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. விண்டோஸ் 8 முதல் அது முழு ஆன்டிவைரஸ். காசு கொடுத்து வாங்குபவை மோசம் என்று சொல்லவில்லை. சென்னையைச் சேர்ந்த கே7, புனேயின் குயிக் ஹீல் எல்லாம் பல வருடங்களாகத் தொழிலில் இருப்பவை. ஆனால் 4 ஜிபி ராமில் விபிஎன், பாஸ்வேர்ட் பெட்டகம், 'கிளீனர்' என்று மூட்டையாக வரும் டோட்டல் செக்யூரிட்டியை ஏற்றுவது வண்டிக்குத் தாங்காது. இலவசத்திலும் ஒரு விஷயம் உண்டு. பயனர்கள் எந்தெந்தத் தளம் பார்க்கிறார்கள் என்ற தகவலை விற்றதற்காக, இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் செலுத்தும்படி அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-ல் உத்தரவிட்டது.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பது. டிஃபெண்டர் ஓடுகிறது, பச்சை டிக் காட்டுகிறது, ஆனாலும் காவல் இல்லை என்ற நிலை உண்டு. என் சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் இதைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிந்தது, ஆனால் பிரவுசர் தானாக எங்கெங்கோ போனது. எதையெல்லாம் டிஃபெண்டர் சோதிக்க வேண்டாம் என்று சொல்லும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைத் திறந்தால் ஒரே ஒரு வரி: சி டிரைவ், முழுதாக. ஆபீஸ் மென்பொருளைக் காசு கட்டாமல் ஓடும்படி கிராக் செய்து போட்டவர், அந்தக் கிராக்கை டிஃபெண்டர் பிடிக்காமல் இருக்க டிரைவையே 'பார்க்காதே' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை மாதம் அப்படி இருந்ததோ. நீங்களும் பாருங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். அங்கே எதுவும் இருக்கத் தேவையில்லை. இருந்தால் நீக்கிவிட்டு, அதே பகுதியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். அப்புறம் ஒரு நாள் இரவு ஃபுல் ஸ்கேன் போட்டுவிட்டுத் தூங்குங்கள். அதன்பின் அன்றாடத்துக்குத் தானாக ஓடும் க்விக் ஸ்கேனே போதும்.

சரி, ஆன்டிவைரஸால் முடியாத ஒன்றும் இருக்கிறது. உங்களுக்கு விற்க வந்தவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸிலேயே புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைப்பது வேறு வேலை, அது பட்டியலில் வராது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் யாரும் எதையும் கிளிக் செய்யாமலே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அதற்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

உங்களுக்கு இப்போதைக்கு வழி இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுகளில் சேர்வதற்கான 'என்ரோல்' இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் காசு இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இந்தத் திட்டத்தை 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். உங்களிடம் விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் முதலில் அதற்கு ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-க்கு உங்கள் பிராசசர் தகுதி பெறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள். வங்கி வேலை செய்யும் கம்ப்யூட்டரில் நான் அதைச் செய்ய மாட்டேன். அந்தத் தேதிக்குப் பிறகு, பிரவுசரும் மெயிலும் மட்டும்தான் தேவை என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராமில் நன்றாகவே ஓடும். (இன்னும் விண்டோஸ் 7-ல் இருப்பவர்களுக்கு: க்ரோமே உங்களை 109-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் அதில் நெட் பேங்கிங் வேண்டாம்.)

அப்டேட் ஒழுங்காக இருந்தால் மிச்சமிருக்கும் பெரிய வாசல் பென் டிரைவ். லைஃப் சர்டிபிகேட் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய், வீட்டுக்கு வந்து செருகினால் ஃபோல்டர்களின் படத்தில் ஒரு சின்ன அம்புக்குறி, அளவு ஒன்றிரண்டு கேபி. உங்கள் உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைத்திருக்கும். கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும், அதனால் சந்தேகமே வராது. அம்பைப் பார்த்தால் கிளிக் செய்யாமல், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள். அதைவிட நல்லது, பிரிண்ட் வேண்டியதை பிடிஎஃப்பாகக் கடைக்காரருக்கு மெயிலில் அனுப்பிவிடுவது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்து வையுங்கள். பில் போல வேஷம் போட்ட இஎக்ஸ்இ ஃபைல் (திறந்தால் ஓடும் நிரல்) அப்போது கண்ணில் படும்.

ஆன்டிவைரஸுக்கு வைத்திருந்த காசில் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டுவிடுங்கள். உங்கள் போர்டில் சாட்டா வகை நேராகப் பொருந்தும். பத்து நிமிடம் ஒன்றாகச் சுருங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, படங்களையும் ஆவணங்களையும் மாதம் ஒருமுறை அதில் நகலெடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே இருக்கும் டிரைவையும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

கடைசியாக ஒன்று. 'மைக்ரோசாஃப்ட்டிலிருந்து பேசுகிறோம்' என்றோ, 'உங்கள் ஆன்டிவைரஸ் ரினியூவல் பணம் பிடிக்கப்பட்டது, திருப்பித் தருகிறோம்' என்றோ போன் வந்து, எனிடெஸ்க் போல, உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்க உதவும் ஒன்றைப் போடச் சொன்னால் வைத்துவிடுங்கள். அது திருட்டு மென்பொருள் இல்லை, அலுவலகங்களில் நியாயமாகப் பயன்படுவது. அதனால் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் குரல் கொடுக்காது. தெரியாமல் போட்டுவிட்டால் உடனே நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அப்போதே அழையுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அது நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.