பங்குனி ஆமை: கேட்டவர்களுக்குச் சொன்னவை

பங்குனி ஆமை என்பது நம் கரைக்கு முட்டையிட வரும் கடலாமை. தை பிறந்தால் சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் அதன் தடம் தேடி நடக்கிறவன் நான். பன்னிரண்டு வருஷப் பழக்கம். கேளுங்கள்.

ஒரு ஆமை இனம் அழிந்தால் நமக்கு என்ன நஷ்டம்?

பாறு கழுகுக்கு நடந்ததைப் பாருங்கள். மாட்டுக்கு வலி மருந்தாக டைக்குளோஃபெனாக் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டது. வெண்முதுகுப் பாறுகளில் 100-க்கு 99-க்கு மேல் போய்விட்டன. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள், கழுகு திரும்பவில்லை. மாடு கிடந்து அழுகியது, தெருநாய் பெருகியது, வெறிநாய்க்கடி பயமும் கூடியது. கழுகு செய்த வேலைக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை, அதனால் அது யார் கணக்கிலும் ஏறவில்லை. ஆமையும் அப்படித்தான். கடலில் சொறிமீனும் நண்டும் தின்கிறது. பொரியாத முட்டை மட்கி, கடற்கரை மணலில் படரும் அடும்புக் கொடிக்கு உரமாகிறது, அடும்பு மணலைப் பிடித்து வைக்கிறது. அடும்புக் கொடி சிதைய முட்டை புதைக்கும் ஆமை சங்கப் பாட்டிலேயே வருகிறது.

வீட்டில் நட்சத்திர ஆமை வளர்க்கலாமா?

கூடாது. வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இருந்தால் வனத்துறையிடம் கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காட்டலாமா?

தாராளமாக. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும், அதனால் மாசி, பங்குனியில் வாருங்கள். செல்போன் விளக்கு மட்டும் வேண்டாம். வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று குஞ்சு நம்புகிறது. ஒரு விடியலில் சாலையோர விளக்குக் கம்பத்தடியில் ஏழு குஞ்சுகள் பொறுக்கினேன். கண்ணில் மணல் ஒட்டி, துடுப்பு காய்ந்து விறைத்திருந்தன.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிறார்களே?

இது கடலாமை. வீட்டுக்கு வராது.

பிளாஷ் போடாமல் வீடியோ எடுக்கலாமா?

திரை வெளிச்சமும் வெளிச்சம்தான். வேண்டாம்.

ஆமையால் என்ன பயன்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஊரூர் குப்பத்திலிருந்து கேக்குறேன் அண்ணா. 2025 ஜனவரியில கரையெல்லாம் ஆமை செத்து ஒதுங்குச்சு. எல்லாரும் மீனவனைத்தான் திட்டுனாங்க. நாங்களா கொன்னோம்?

இல்லை தம்பி. செத்ததை நானும் பார்த்தேன். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, மூச்சு முட்டின அடையாளம். ஆமைக்கு நுரையீரல்தான், மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் அடியில் போனால் உள்ளே மாட்டியது மூழ்கித்தான் சாகும். கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவலை கூடாது என்று விதி இருக்கிறது. அதை மீறினால் ஆமையும் போகிறது, உங்கள் மீனும் போகிறது.

விசைப்படகுல இருக்கிறவனும் கடன் வாங்கித்தான் தொழில் பண்றான். அஞ்சு மைலுக்கு அப்பால டீசல் காசுக்கே தேறல. அவனும் எங்க சொந்தக்காரன்தான்.

நியாயம். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஆமையைக் காப்பாற்ற முடியாது. வலையில் ஆமை வெளியேறும் கம்பிச் சட்டம் பொருத்தலாம். கொஞ்சம் மீனும் தப்பும், அந்த நஷ்டத்தை அரசாங்கம்தான் ஏற்க வேண்டும். இதை நான் விடாமல் கேட்பேன்.

இன்னிக்குக் காலையில என் வலையில ஒண்ணு மாட்டுச்சு. அசைவில்ல. கடல்ல போட்டுட்டேன்.

அடுத்த முறை போடாதே தம்பி. மயக்கமாக இருக்கலாம். படகிலேயே வயிறு கீழே இருக்க வை, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்து, நுரையீரல் தண்ணீர் வடியட்டும். நிழலில் ஈரத்துணி போடு, மூக்கை மூடாதே. சிலது எழ பல மணி நேரம் ஆகும். நன்றாக அசைந்த பிறகு, இன்ஜினை நிறுத்திவிட்டு மெதுவாக இறக்கு.