நிறம் மாறிய படமும் நிறம் மீண்ட படமும்

கேள்வி: 1971இல் வெளியான ‘தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்துக்கு இரண்டு ப்ளூ-ரே (உயர்தர வீடியோ வட்டு) பதிப்புகள் உள்ளனவாமே! எதை வாங்கலாம்?
- வாசகர், திருச்சி

பதில்: 2012ஆம் ஆண்டுப் பதிப்பைத் தயங்காமல் வாங்குங்கள். 2009இல் வந்த முதல் ப்ளூ-ரேக்காக இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின், கறுப்பு-வெள்ளையாக்கிய படிமத்தின்மேல் மங்கலாக்கிய நிறத்தைப் படரவிட்டு, படத்தின் தோற்றத்தையே மாற்றினார். முகங்களின் இயல்பான நிறம் வெளிறியது. விளிம்புகளைத் தாண்டி நிறம் கசிந்தது. ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன், தம்மைக் கலந்துகொள்ளாமல் செய்த வேலை இது என்று வெளிப்படையாகவே கண்டித்தார். தம் படத்தைத் திருத்த இயக்குநருக்கு உரிமை உண்டுதான். ஆனால், சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற மூலத்தோற்றத்தை அதே தரத்தில் பார்க்க வழியில்லாமல் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பின்னர் இருவரின் ஒப்புதலோடு வந்த 2012 பதிப்பில் நிறங்கள் பழைய நிலைக்குத் திரும்பின.

புரூக்ளினில் மேம்பாலத்தில் விரையும் ரயிலைக் கீழே சாலையில் கதாநாயகன் ஜீன் ஹாக்மன் காரில் துரத்தும் காட்சியில், தூண்களின் நிழலும் குளிர்கால வெளிச்சமும் மாறி மாறி அவர் முகத்தில் விழுவதைக் கவனியுங்கள். திரையில் தெரியும் பொடிமணிகள் போன்ற புள்ளிகள் வட்டின் குறையல்ல. கிடைத்த வெளிச்சத்தில் பெரும்பாலும் தெருவிலேயே எடுத்த படச்சுருளின் இயல்பு அது. அதை மறைப்பதற்காகத் தொலைக்காட்சியின் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ வசதியை இயக்கினால் முகங்கள் மெழுகுபோல் ஆகிவிடும்.