2004 சில்வராடோவில் படகு இழுக்கிறேன். குட்டை ஹெடர் வாங்கலாமா, நீள ஹெடர் வாங்கலாமா?

உங்கள் வண்டி 2004 ஷெவர்லே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8 எஞ்சின்; கோடையில் படகு இழுக்கிறீர்கள்; காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்து, எஞ்சின் சூடானதும் அடங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதே எஞ்சின் உள்ள பிக்கப்பை டெக்சாஸில் பதினோரு ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன் என்பதால், ஹெடரைப் பற்றி, அதாவது எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதியைப் பற்றி, பேசுவதற்கு முன் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த எஞ்சினில் சிலிண்டர்களை மேலே மூடும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அதில் பூட்டியிருக்கும், புகையைத் திரட்டி வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. இரண்டும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அந்த இழுபறியைத் தாங்குபவை 8 மில்லிமீட்டர் போல்ட்டுகள். அவற்றிலும் கோடியில் இருப்பவைதான் அதிகம் அடிவாங்குகின்றன. ஓட்டுநர் பக்கம் ஏழாவது சிலிண்டருக்கும் மறுபக்கம் எட்டாவது சிலிண்டருக்கும் பின்னால் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளை தெரிந்தால் நோய் அதுதான்: போல்ட் முறிந்து, அந்த இடுக்கு வழியே புகை கசிகிறது. என் வண்டியில் இரண்டு போல்ட்டுகள் அப்படிப் போயிருந்தன. ஹெட்டுக்குள் சிக்கிய துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டோடேயே மெல்லத் திருகி எடுத்தோம். ஒன்று ஐந்து நிமிடத்தில் வந்தது, மற்றொன்று ஒரு முழு மதியத்தை விழுங்கியது. ஹெடர் மாற்றினாலும் இந்த வேலையிலிருந்து தப்ப முடியாது என்பதால், செலவுக் கணக்கில் இதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

மேனிஃபோல்டை எப்படியும் கழற்றப்போகிறோம் என்னும்போது, அதற்குப் பதில் ஹெடரை மாட்டும் ஆசை வருவது இயல்பு. அதற்குக் காரணமும் இருக்கிறது. இந்த எஞ்சினின் எரிப்பு வரிசை, அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் முறை, 1-8-7-2-6-5-4-3. சுழற்சி திரும்பத் திரும்ப வருவதால் மூன்றாவது சிலிண்டரை அடுத்து உடனே முதலாவது வெடிக்கிறது. இரண்டும் ஒரே பக்கம். மறுபக்கத்தில் இரண்டாவதும் ஆறாவதும் அப்படியே. குறுகலான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் இந்த அடுத்தடுத்த புகை வீச்சுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் இருப்பதால் நெருக்கடி குறைகிறது. குழாய் போதிய நீளமாக இருந்தால், முன்னே போன வீச்சு விட்டுச்செல்லும் குறையழுத்தம் பின்னே வருவதை இழுத்தும் விடுகிறது. இந்த இழுப்புதான் ஹெடரின் உண்மையான பலன். அது குட்டை ஹெடரில் மிகக் குறைவு என்பதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

அப்படியானால் நீள ஹெடரே மேல் அல்லவா என்று கேட்பீர்கள். பலத்தை மட்டும் பார்த்தால் ஆம். ஆனால் அதன் குழாய்கள் சேருமிடம் பின்னால் தள்ளிப்போவதால், புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரை இடம் மாற்றவோ எடுத்துவிடவோ வேண்டிவரும். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி, சாலையில் ஓடும் வண்டியில் அதைக் கழற்றி எறிய அனுமதி இல்லை. ஆக்சிஜன் சென்சாரின் வயரை நீட்ட வேண்டும், இணைப்புக் குழாயைப் புதிதாக வாங்க வேண்டும், எஞ்சினின் கணினியை அதற்கேற்ப ட்யூன் செய்ய வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டியென்றால் முன் டிரைவ் ஷாஃப்டில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டெக்சாஸில் சொந்த உபயோக வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனை 2025இல் நீக்கப்பட்டாலும், ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பகுதிகளில் புகைச் சோதனை இன்னும் உண்டு. கலிஃபோர்னியாவிலோ, அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண் உங்கள் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் பொருந்தாவிட்டால், ஹெடர் குட்டையாக இருந்தாலும் சோதனையில் தேறாது.

ஆகவே படகு இழுக்கும் உங்கள் வண்டிக்குக் குட்டை ஹெடரையே சொல்வேன். குழாய் விட்டம் 1⅝ அங்குலம் போதும். 1⅞ அங்குலமெல்லாம் எஞ்சினை உயர்ந்த சுழற்சியில் விரட்டுபவர்களுக்கு. முடுக்கத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். எனக்குத் தெரிந்த மாற்றம், மேட்டில் ஏறும்போது எஞ்சின் சற்றே சிரமமின்றி இழுப்பதும் அந்த 'டிக் டிக்' ஒழிந்ததும்தான். அந்தச் சத்தம் மட்டுமே உங்கள் கவலையென்றால், புதிய போல்ட்டும், இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டும் போட்டுப் பழைய மேனிஃபோல்டையே மாட்டிக்கொள்வது இன்னும் மலிவு.

வாங்குவதாக முடிவெடுத்தால், குழாயின் பளபளப்பைவிட ஃபிளாஞ்சின், அதாவது ஹெட்டோடு சேர்த்துப் பூட்டும் தகட்டின், கனத்தைப் பாருங்கள். நான் முதலில் இணையத்தில் மலிவாக வாங்கிய ஹெடரின் ஃபிளாஞ்ச் மெல்லியது. வெல்டிங் சூட்டிலேயே கோணியிருந்ததை நான் கவனிக்கவில்லை, இரண்டே மாதத்தில் கேஸ்கெட் ஊதிக்கொண்டது. ⅜ அங்குலக் கனமுள்ள ஃபிளாஞ்சைத் தேடுங்கள். பெட்டியைப் பிரித்ததும் அதன்மேல் நேர்க்கோலை வைத்து, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே பூட்டத் தொடங்குங்கள். வெறும் பெயின்ட் அடித்த இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் வகைகளில் 409 மேலாகப் பழுப்பேறினாலும் உழைக்கும்; 304 பார்க்க அழகு, துருவையும் நன்றாகத் தாங்கும், ஆனால் சூட்டில் அதைவிட அதிகம் விரியும், விலையும் கூடுதல். காகித கேஸ்கெட்டைத் தவிர்த்துப் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டைப் போடுங்கள்.

போல்ட்டை நடுவிலிருந்து இருபக்கமும் போகும்படி முதல் சுற்றில் 11 அடி-பவுண்டும் அடுத்த சுற்றில் 18 அடி-பவுண்டும் கொடுத்து முறுக்கியதாக நினைவு. ஆனாலும் ஹெடரோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரண்டு மூன்று முறை சூடாகி ஆறிய பிறகு, குளிர்ந்த எஞ்சினில், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சை மறுபடி போட்டுப் பார்த்தபோது என் வண்டியில் நான்கு போல்ட்டுகள் தளர்ந்திருந்தன.