வெளிநாட்டு மருத்துவச் செலவு: வாசகர் கேள்வி – பதில்

பயணக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் க்ளெய்ம் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: நான் அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். என் பெற்றோர் ஆறு மாதம் எங்களோடு தங்க வருகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. "படிவத்தில் எதையும் எழுதாதீர்கள், எழுதினால் பிரீமியம் ஏறிவிடும்" என்கிறார் ஏஜென்ட். அவர் சொல்வதைக் கேட்கலாமா அம்மா? எப்படிப்பட்ட பாலிசி எடுப்பது?

பதில்: கேட்காதீர்கள். பாலிசியை விற்றதோடு ஏஜென்டின் வேலை முடிந்துவிடுகிறது. க்ளெய்ம் கோப்பு அவர் மேசைக்குப் போவதில்லை. என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான் வரும். அங்கே நடப்பதைச் சொல்கிறேன்.

நெஞ்சுவலி என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறீர்கள். நர்ஸ் எடுத்த எடுப்பில் கேட்பது, இதற்கு முன் என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை என்றுதான். பதற்றத்தில் நிற்கும் மகளோ மகனோ உண்மையைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும், சிகிச்சையே அதை வைத்துத்தான் நடக்கும். அது கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரியாக ஏறிவிடும்: பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தம், ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை. நாங்கள் பில்லைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வரியைத் தேடுவோம். அடுத்து விண்ணப்பப் படிவத்தைப் புரட்டுவோம். 'ஏற்கெனவே நோய் உண்டா?' என்பதற்கு எதிரே 'இல்லை' என்று இருந்தால், அந்தக் கோப்பு அதற்கு மேல் நகராது.

ஒரு கோப்பு இன்னும் என் நினைவை விட்டு அகலவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பெரியவர் அவர். எலும்பு முறிவுக்கும் அவருடைய சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் நோயை மறைத்தது தெரிந்ததும் நிறுவனம் பாலிசியையே ரத்து செய்துவிட்டது. படிவத்தை நிரப்பியது ஏஜென்ட். கையெழுத்து மட்டும்தான் பெரியவருடையது. நான் மேலதிகாரிகளிடம் எவ்வளவோ வாதாடினேன். கையெழுத்துக்கு முன்னால் எதுவும் எடுபடவில்லை. ஆகவே படிவத்தை உங்கள் அப்பாவே நிரப்பட்டும், அல்லது நீங்கள் அருகில் இருந்து நிரப்புங்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும்.

பாலிசியைப் பொறுத்தவரை, கிளம்பும் நாட்டிலும் வாங்கலாம், அமெரிக்க நிறுவனத்திடமும் வாங்கலாம். அமெரிக்கத் திட்டங்கள் பலவற்றில் நோயைப் பற்றிய கேள்வியே இருக்காது. கேட்கவில்லை என்பதால் எல்லாவற்றுக்கும் பணம் தருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய் முன்னறிகுறி எதுவும் இல்லாமல் திடீரென்று தீவிரமானால் மட்டும் தருவார்கள். அதற்கும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும்; வயது ஏற ஏற உச்சவரம்பு குறையும். வழக்கமான பரிசோதனைக்கும் மாதாந்திர மாத்திரைக்கும் எதுவும் கிடைக்காது. நீங்கள் முதலில் படிக்க வேண்டியது விளம்பரத் தாளை அல்ல. பாலிசி ஆவணத்தில் 'விலக்குகள்' என்ற தலைப்பில் வரும் பக்கங்களை. அவற்றைப் படித்த பிறகு விலையைப் பாருங்கள்.

விலை மிகக் குறைவாக இருந்தால், அது பெரும்பாலும் ஒவ்வொரு சேவைக்கும் இவ்வளவுதான் என்று தொகை கட்டிய திட்டமாக இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இவ்வளவு, தீவிர சிகிச்சைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டிருப்பார்கள். முகப்பில் ஒரு லட்சம் டாலர் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் ஒரு நாள் படுக்கைக்கு அட்டவணையில் உள்ளதற்கு மேல் ஒரு டாலர்கூட வராது. அமெரிக்க மருத்துவமனைக் கட்டணம் அந்த அட்டவணையைப் பல மடங்கு தாண்டும். மிச்சம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் 'காம்ப்ரிஹென்சிவ்' வகையை எடுங்கள். அதில் டிடக்டிபிள் எனப்படும் முதல் தொகையை நீங்கள் கட்டிய பிறகு, குறிப்பிட்ட அளவுவரை ஒரு பங்கை நிறுவனமும் ஒரு பங்கை நீங்களும் ஏற்பீர்கள். அதற்கு மேல் பாலிசியின் உச்சவரம்புவரை நிறுவனமே தரும். டிடக்டிபிளைச் சற்று உயர்த்திக்கொண்டால் பிரீமியம் குறையும். சிறு செலவை உங்கள் சம்பளத்தில் தாங்கிக்கொள்ளலாம். பைபாஸ் அறுவை சிகிச்சைக்கான செலவைத் தாங்க முடியாது.

அப்பாவின் பையில் ஒரு தாள் இருக்கட்டும். மேலே பாலிசி எண்ணும், நிறுவனத்தின் 24 மணி நேர உதவித் தொலைபேசி எண்ணும். கீழே மருந்துகள், பிராண்ட் பெயரில் இல்லாமல் மூலப் பெயரில்: மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்பதுபோல. மருத்துவமனையில் சேர்த்ததும் வீட்டில் ஒருவர் அந்த எண்ணை அழைக்க வேண்டும். பேசியவர் பெயர், நேரம், அவர் தரும் கேஸ் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் சொல்லாமல் இருந்ததற்காகவே பணத்தைக் குறைக்கும் நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கிறது. சாதாரணக் காய்ச்சல், சிறு காயம் என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவே வேண்டாம். இப்படிப்பட்ட சிறு உபாதைகளைப் பார்க்கும் 'அர்ஜென்ட் கேர்' மையங்களில் செலவு மிகவும் குறைவு. நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் என்றால் ஒரு நொடியும் யோசிக்காமல் 911-ஐ அழையுங்கள். பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: காப்பீடு இல்லாமல் அமெரிக்கா வந்திருந்த மாமியார் படியில் விழுந்துவிட்டார். அவசர சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது மருத்துவமனை, டாக்டர், எக்ஸ்ரே பார்த்தவர், ஆம்புலன்ஸ் என்று தனித்தனியாகக் கடிதங்கள் வருகின்றன. கிரெடிட் கார்டில் கட்டிவிடலாமா என்று கணவர் கேட்கிறார்.

பதில்: கட்ட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் உடனே சொல்லுங்கள். கிரெடிட் கார்டில் ஏறிவிட்டால் மருத்துவமனைக் கடன் வட்டிக் கடனாக மாறிவிடும். பேரம் பேசும் வாய்ப்பும் போய்விடும்.

1986-இல் வந்த எம்டாலா சட்டப்படி, அவசர நிலையில் வருபவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் அந்தச் சட்டம் சிகிச்சைக்குத்தான் உத்தரவாதம்; பில் பின்னால் வரவே செய்யும். உங்களுக்கு வந்திருப்பது வெறும் மொத்தத் தொகையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் விவரப்பட்டியலிட்ட பில் கேளுங்கள். கேட்டால் தருவார்கள். வந்ததும் நிதானமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரே எக்ஸ்ரே இரண்டு முறை ஏறியிருக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் பார்த்ததற்கு 99281 முதல் 99285 வரை ஐந்து குறியீடுகள் உண்டு. எண் ஏற ஏறக் கட்டணம் ஏறும். கணுக்கால் சுளுக்குக்கு 99285 போட்டிருந்தால், மிகச் சிக்கலான நோயாளிக்குரிய கட்டணத்தை உங்களிடம் கேட்கிறார்கள் என்று பொருள். எந்த அடிப்படையில் போட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. லாப நோக்கற்ற மருத்துவமனை என்றால், நிதி உதவித் திட்டத்தை எழுத்து வடிவில் வைத்திருக்க அதற்குச் சட்டக் கடமை உண்டு. முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாட்கள்வரை விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாட்களுக்குக் கடும் வசூல் நடவடிக்கை கூடாது. யாருக்குத் தருவார்கள் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், சுற்றுலா விசாவில் வந்தவருக்குக் கிடைக்காமலும் போகலாம். ஆனாலும் விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால், காப்பீடு இல்லாதவருக்கான தள்ளுபடியையும் வட்டியில்லாத் தவணையையும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அந்த அலுவலகத்தில் தினமும் பலர் கேட்பதுதான். டாக்டர், ஆம்புலன்ஸ் பில்கள் வேறு நிறுவனங்களுடையதாக இருக்கும். அவற்றுக்குத் தனியாகப் பேச வேண்டும்.

மாமியாருக்கு இனிமேல் தேதி குறித்துச் செய்யும் சிகிச்சை இருந்தால், முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள். 2022 முதல் காப்பீடு இல்லாதவர்களுக்கு இது சட்டப்படியான உரிமை. பில் மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் கணவரின் சம்பளத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கு என்று மாதாமாதம் பிடிக்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. துபாயின் 2013-ஆம் ஆண்டு 11-ஆம் எண் சட்டப்படி, தொழிலாளியின் காப்பீட்டுச் செலவு முதலாளியுடையது. அதைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது. வியர்வை சிந்திச் சம்பாதிக்கும் பணத்தில் ஒரு திர்ஹம்கூட இதற்காகப் போகக் கூடாது. சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, துபாய் சுகாதார ஆணையத்திடம் புகார் செய்யச் சொல்லுங்கள். நீங்களும் குழந்தைகளும் அவருடைய விசாவில் அங்கே இருந்தால், உங்கள் காப்பீடு ஸ்பான்சரான அவருடைய பொறுப்பு. நிறுவனம் தானாக முன்வந்து தந்தால் ஒழிய, அதைக் கேட்க முடியாது. வேலை போனால் நிறுவனத்தின் காப்பீடும் போகும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் வேலை மாறும்போது இடையில் காப்பீடு இல்லாத நாட்கள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன். போதுமா?

பதில்: விசாவுக்குப் போதும். அது விசா விதி கேட்கும் குறைந்தபட்சத் தொகை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்களும், அதன்பின் மருத்துவ உதவியோடு ஊர் திரும்பும் விமானமும் சேர்ந்தால் அது கரைந்துவிடும். பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் உயர்த்திக்கொள்ளுங்கள். மலையேற்றமும் பனிச்சறுக்கும் திட்டத்தில் இருந்தால், பாலிசியில் அவை விலக்கப்படவில்லையா என்று பாருங்கள். ஸ்விட்சர்லாந்தில் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்டு வந்தால் அதற்கும் பில் வரும்.

கேள்வி: மகன் லண்டனில் படிக்கப் போகிறான். விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டோம். இன்னொரு காப்பீடு வேண்டுமா? பட்டமளிப்புக்கு நாங்களும் போக நினைக்கிறோம்.

பதில்: அந்தக் கட்டணம் அவனுக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸைத் திறந்துவிடுகிறது. அதைப் பயன்படுத்த அவன் செய்ய வேண்டிய முதல் வேலை, போய்ச் சேர்ந்த வாரமே குடியிருக்கும் பகுதியில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்வது. காய்ச்சல் வந்த பிறகு போகலாம் என்று மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். பல் வைத்தியத்துக்குக் கட்டணம் உண்டு. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கும் உண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இல்லை. தீவிர நோய் வந்து ஊர் திரும்ப வேண்டியிருந்தால் அந்த விமானச் செலவை என்.எச்.எஸ். ஏற்காது, விடுமுறையில் ஐரோப்பா சுற்றினாலும் இது கைகொடுக்காது. ஆகவே இவை இரண்டையும் உள்ளடக்கிய சிறிய பாலிசி ஒன்று போதும்.

உங்கள் நிலைமை வேறு. மகன் கட்டிய கட்டணம் உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் சுற்றுலாப் பயணிகள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் பார்க்கும் வைத்தியம் இலவசம். அங்கிருந்து வார்டுக்கு மாற்றிய நிமிடத்திலிருந்து பணம். இங்கிலாந்தில் வழக்கமான விகிதத்தைப்போல் ஒன்றரை மடங்கு கேட்பார்கள். 500 பவுண்டும் அதற்கு மேலும் பாக்கி வைத்து இரண்டு மாதம் தாண்டினால், தகவல் குடிவரவுத் துறைக்குப் போய் அடுத்த விசாவுக்கு இடைஞ்சலாகும். இருவரும் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு வேண்டிய மாத்திரைகளைக் கையோடு கொண்டு போகலாமா?

பதில்: எந்த நாடு, என்ன மாத்திரை என்பதைப் பொறுத்தது. ஜப்பானில் மருந்துச் சீட்டு மாத்திரைகளை ஒரு மாதத் தேவைக்கு மேல் கொண்டுபோக முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அனுமதியே இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் முன் அனுமதி தேவை; இல்லாமல் கொண்டுபோனால் வழக்கில் சிக்க நேரும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போடாமல் அட்டையோடும் உறையோடும், உங்கள் பெயர் உள்ள மருந்துச் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு மருந்தாகச் சரிபாருங்கள். தடை இருந்தால் மாற்று மருந்து எழுதித்தர உங்கள் டாக்டருக்கும், அது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க உங்களுக்கும் அந்த ஒரு மாதம் வேண்டும்.